நாடு பெற்ற விடுதலை வீட்டுக்கும் வந்ததா?

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதை என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு சரித்திரப் பாடம் நடத்தலாம் என்று வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது!

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், 1957-ல வெள்ளைக்காரன் நாட்ட நம்ம கையில குடுத்துட்டுப் போனான்னு சொல்றீங்க. அதுக்கு மொத நாள் வரைக்கும் அவன்தானே ஆண்டான்? மறுநாள் காலையில நமக்கு மட்டும் எப்படி சார் ஆளத் தெரிஞ்சது?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. பிறர் குடியேற்றமாக இருந்த ஓர் இடம் எப்படித் தன்னைத் தானே ஆளும் நாடாகிறது? ஒரே நாளிலா? ஒருவர் கொடுத்தா? இதற்கு விடை தேட நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தப் பினாங்கே அதற்குப் பாடப்புத்தகம்.

கடை போட்ட காலம்

1786 ஆகஸ்டு 11-ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார். தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தம். எதிரிகள் வந்தால் கம்பெனி படை கொடுத்துக் காக்கும் என்று சுல்தான் எதிர்பார்த்தார். கம்பெனி அந்த உதவியைத் தரவில்லை. 1791-இல் சுல்தான் தீவைத் திரும்பப் பெற முயன்று தோற்றார். ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று ஒப்பந்தமாயிற்று. 1800-இல் எதிர்க்கரை நிலமும் கம்பெனிக்குப் போய், தொகை 10,000 வெள்ளியானது. அந்த எதிர்க்கரைக்கு வெல்லஸ்லி மாநிலம் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் இன்று செபராங் பிறை என்கிறோம்.

அந்தக் காலத்துப் பினாங்கை ஒரு பெரிய கடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரனுக்குக் கல்லாப் பெட்டியில்தான் கண். ஊர் ஆட்சியைப் பற்றி அவன் அதிகம் கவலைப்படவில்லை. தீவைப் பிடித்து 20 ஆண்டுகளுக்கு மேல் இங்கே முறையான நீதிமன்றமே இல்லை. 1807-இல்தான் அதற்கான அரச சாசனம் கிடைத்தது.

அப்படியானால் மக்கள் என்ன செய்தார்கள்? தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவர் இருந்தார். அவரைக் கப்பித்தான் என்பார்கள். சின்ன வழக்குகளை அவரே தீர்த்துவைத்தார். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல்தான் நாம் தினமும் கடந்துபோகும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. கப்பல்துறையில் மூட்டை தூக்கியவரும் கடை வைத்தவரும் காசு சேர்த்து, கணக்கு வைத்து, கூட்டம் கூடி முடிவெடுத்துக் கட்டிய இடங்கள் இவை. ஆட்சி என்பதன் அரிச்சுவடியை நம் முன்னோர் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் படித்தார்கள்.

உத்தரவு எங்கிருந்து வந்தது?

கடை வளர்ந்து கச்சேரியாயிற்று. 1805-இல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகியவற்றோடு நான்காவது இராஜதானி என்ற பெரிய பட்டம் பினாங்குக்குக் கிடைத்தது. 1826-இல் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. 1832-இல் தலைநகர் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இவ்வளவு நடந்தும் பெரிய உத்தரவுகள் கல்கத்தாவிலிருந்துதான் வந்தன. இந்தச் சாலைகளில் பலவற்றைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அவர்களை அனுப்பியதும் அங்கிருந்து வந்த உத்தரவே.

1867 ஏப்ரல் முதல் நாள் ஆட்சி இந்திய அரசாங்கத்தின் கையிலிருந்து நேரே இலண்டனுக்கு மாறியது. கவர்னருக்கு ஆலோசனை சொல்ல ஒரு சட்டசபை இருந்தது. அதில் பொதுமக்கள் பக்கத்திலிருந்து சிலர் உட்கார்ந்தார்கள். அவர்களை நியமித்தது யார்? கவர்னர்தான்! மணமகனே மாமனாரையும் தேர்ந்தெடுத்துக்கொண்ட மாதிரி.

அதே 1867-இல், மூன்று மாதம் கழித்து, ஜூலை முதல் நாள், கனடா தன்னாட்சி பெற்ற நாடாயிற்று. அங்கும் அதே பிரிட்டிஷ் மகாராணிதான். ஆனால் அங்கே குடியேறியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். இங்கே இருந்தவர் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும். அங்கே ஆளத் தெரியும் என்று நம்பினார்கள். இங்கே இன்னும் 90 ஆண்டு காத்திருக்கச் சொன்னார்கள். மாணவர்களே, ஒரே ஆண்டில் ஒரே அரசு எடுத்த இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சரித்திரம் என்பது தேதிகளை மனப்பாடம் பண்ணுவது மட்டும் இல்லை என்பது விளங்கும்.

வாக்குச் சீட்டு ஒருமுறை எட்டிப் பார்த்ததும் உண்டு. 1857-இலேயே ஜார்ஜ்டவுன் நகராண்மைக்குச் சில உறுப்பினர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். வரி கட்டும் வசதியுள்ள சிலருக்கு மட்டுமே அந்த உரிமை. அதையும் 1913-இல் எடுத்துவிட்டார்கள். ஏறிய படியிலிருந்து இறக்கிவிடவும் முடியும் என்பதை அப்போதே இந்த ஊர் கண்டது. இதை மறக்காதீர்கள், பின்னால் மறுபடியும் வரும்.

கரும்புத் தோட்டத்தில் நம்மவர்

நகரத்தில் இப்படி. கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? வெல்லஸ்லி மாநிலத்தில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கப்பல் செலவைக் கடனாக எழுதி, கடன் தீரும்வரை வேலை. ஒப்பந்தத்தை மீறி ஓடினால் சிறை. 1910-இல் இந்த முறை நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்தம் போய்க் கங்காணி வந்தார். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை உதவிப் பணம் கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தது.

இந்த நெடுங்காலத்தில் தோட்டத்துக்குள் ஆட்சி யார் கையில்? விடியுமுன் பெரட்டு. தொரை சொன்னார், கிராணி எழுதினார், தண்டல் விரட்டினார். லயத்து வீடும் தோட்டத்துடையது, தண்ணீர்க் குழாயும் தோட்டத்துடையது, பள்ளிக்கூடமும் தோட்டத்துடையது. நகரத்துக்காரனுக்குக் கவர்னர் என்றால் நமக்குத் தொரை. குடியேற்றத்துக்குள்ளே ஒரு குட்டிக் குடியேற்றம்! இதை நான் குறை சொல்லிப் புலம்புவதற்காகச் சொல்லவில்லை. விடுதலை வந்தபோது நாம் எந்தப் படியில் நின்றோம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதற்குப் பிறகு நடந்தது புரியும்.

கொடியை இறக்கிய பத்திரிகையாசிரியர்

இப்போது அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நமக்கு ஆளத் தெரியும் என்று முதன்முதலில் எப்போது தெரிந்தது?

1941 டிசம்பர். ஜப்பானியப் படைகள் வடக்கிலிருந்து இறங்கி வந்தன. டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. ஆகாய விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். சில நாளில், ஆள வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 155 ஆண்டுகள் ஆண்ட ஊர் மக்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் அரசாங்கமே இல்லை. கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கொடி பறக்கும்வரை ஜப்பானியர் குண்டு போடுவதை நிறுத்தமாட்டார்கள்.

அப்போது முன்னால் வந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். கார்ன்வாலிஸ் கோட்டையில் அந்தக் கொடியை இறக்கினார். நகரில் படை எதுவும் இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் அறிவித்தார். மலாய்க்காரர், சீனர், இந்தியர், இலங்கையர், யூரேசியர் எல்லாரும் கூடிப் பினாங்குச் சேவைக் குழு என்ற ஒன்றை அமைத்தார்கள். அதற்கு அவர் தலைவர். பிணங்களை அடக்கம் செய்ய வேண்டும். கொள்ளையைத் தடுக்கத் தொண்டர் காவல் வேண்டும். அரிசியைப் பங்கிட வேண்டும். டிசம்பர் 19-இல் ஜப்பானியப் படை உள்ளே வரும்வரை, சம்பளம் வாங்காத இந்தக் குழுதான் ஊரைப் பார்த்துக்கொண்டது.

சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் ஒரு பெரிய பொய் உடைந்தது. 'நாங்கள் இல்லாவிட்டால் நீங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாவீர்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போனார்கள். இருந்தவர்கள் அரிசி அளந்தார்கள். சரவணமுத்துவுக்குக் கிடைத்த பரிசு பின்னால் ஜப்பானியரின் சிறைவாசம். நாம் இன்று மேடையேறி வாங்கும் கேடயத்தைவிட அது பெரிய பரிசு என்று நான் நினைக்கிறேன்.

ஜப்பானியர் காலத்துத் துன்பத்தை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சயாம் மரண ரயிலுக்குப் போனவர்கள் திரும்பாத குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும். அதே காலத்தில்தான் நேதாஜியின் அழைப்பைக் கேட்டுத் தோட்டத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பால் வெட்டிய பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்கள் போராடக் கிளம்பியது இந்திய விடுதலைக்காக. ஆனாலும் தொரைக்கு முன்னால் குனிந்து நின்ற முதுகு அங்கேதான் நிமிர்ந்தது.

படிப்படியாக வாக்குச் சீட்டு

போர் முடிந்தது. 1946-இல் நீரிணைக் குடியேற்றங்கள் கலைக்கப்பட்டன. பினாங்கு மலாயாவோடு சேர்ந்தது, சிங்கப்பூர் தனியே நின்றது. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு பிறந்தது. பினாங்கு வணிகர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சுங்கவரி இல்லாத துறைமுகம் கெட்டுப்போகும் என்று பயந்தார்கள். பிரிந்துபோக வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். 1949 பிப்ரவரியில் குடியேற்ற மன்றத்தில் அந்தத் தீர்மானம் தோற்றது. எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசி, வாக்கெடுத்து, முடிவை ஏற்றுக்கொண்டார்கள். அதுவும் ஒரு பாடம்.

பிறகு 1951 டிசம்பர் முதல் நாள். மலாயாவிலேயே முதல் நகராண்மைத் தேர்தல் இந்த ஜார்ஜ்டவுனில் நடந்தது. தஞ்சோங், கெலாவெய், ஜெலுத்தோங் என்று மூன்று வட்டாரம். ஒன்றுக்கு மூன்று பேராக ஒன்பது பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? சாக்கடைக்கும், தெருவிளக்குக்கும், தண்ணீருக்கும், சந்தைக்கும்! சின்னக் காரியங்கள் என்று நினைக்காதீர்கள். சாக்கடையைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவன்தான் நாட்டையும் சரியாகப் பார்ப்பான். கோலாலம்பூரில் அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. 1955 ஜூலையில் நாடு முழுவதும் தேர்தல் நடந்து, 52 இடத்தில் 51 இடத்தைக் கூட்டணிக் கட்சி பிடித்தது. துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சரானார்.

1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. பினாங்கின் முதல் முதலமைச்சர் வோங் பாவ் நீ. அவர் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் ஒரு மாநிலத்துக்கு முன்னால் நின்றார். 1958-இல் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் மேயரானார். ஸ்காட் ரோடு என்றிருந்த சாலை இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது. வழியில் பார்த்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆக, அந்த ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு என் பதில் இது: தம்பி, ஒரே ராத்திரியில் யாருக்கும் ஆளத் தெரிந்துவிடவில்லை. கோயில் கணக்கில் படித்தார்கள், அரிசிப் பங்கீட்டில் படித்தார்கள், நகராண்மைச் சாக்கடையில் படித்தார்கள். சாவி கைக்கு வருவதற்கு முன்பே பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மூடா ஆற்றின் இரண்டு கரை

கதை இத்தோடு முடிந்தால் நான் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் தோட்டத்துக்காரன் என்ற முறையில் இன்னொன்று கேட்டே ஆக வேண்டும். நாடு விடுதலை பெற்றது. வீடு பெற்றதா?

1955 தேர்தலில் நூறு வாக்காளரை வரிசையில் நிறுத்தினால் அதில் இந்தியர் ஐந்து பேர்கூட இல்லை. ஆள் இல்லாமலா? மூலைக்கு மூலை தோட்டம், தோட்டம் நிறைய ஆட்கள். இல்லாமல் போனது குடியுரிமை.

நமக்கு மிக அருகிலேயே உதாரணம் உண்டு. பினாங்கு மாநிலத்துக்கும் கெடாவுக்கும் நடுவே மூடா ஆறு ஓடுகிறது. 1948-இன் சட்டப்படி, பினாங்கில் பிறந்து இங்கேயே நிலையாக வாழும் பிரிட்டிஷ் பிரஜைக்குக் கூட்டரசுக் குடியுரிமை தானாகவே உண்டு. ஆற்றைத் தாண்டிக் கெடாவில் பிறந்திருந்தால், தகப்பனாரும் இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 15 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு கரையிலும் ஒரே ரப்பர், ஒரே வாளி, ஒரே தமிழ். ஆனால் பிறந்த கரையைப் பொறுத்துப் பிள்ளையின் தலையெழுத்து மாறியது. இந்தக் கரையில் பிறந்தவனுக்கும் அதை நிரூபிக்கத் தாள் வேண்டுமே! லயத்தில் பிறந்த பல பிள்ளைகளுக்கு மருத்துவச்சியின் நினைவுதான் பிறப்புப் பத்திரம். மருத்துவச்சி போனதும் அதுவும் போயிற்று.

1957-இல் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. மெர்டேக்கா நாளன்றும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டமே குடியுரிமை கொடுத்தது. முன்னரே இருந்தவர்கள் மனுப் போட்டால் பதிவு செய்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்குப் பலருக்கு மலாய்மொழிச் சோதனையும் தளர்த்தப்பட்டது. போட்டவர்கள் பலர். போடாதவர்களும் பலர். எழுதப் படிக்கத் தெரியாது. பட்டணம் போனால் ஒருநாள் சம்பளம் போகும். "என்னக்காவது ஊருக்குப் போயிருவோம்" என்ற நினைப்பு வேறு. இத்தனைக்கும் நடுவில் அந்த மனு எழுதப்படாமல் கிடந்தது. 1962-இல் சட்டம் திருத்தப்பட்டது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. திறந்த கதவு கொஞ்சம் சாத்திக்கொண்டது.

என் பாட்டியிடம் கடைசிவரை இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. "அம்பது வருசமா இதே மண்ணுலதான்டா பால் வெட்டுனேன். கார்டு செவப்பா இருந்தா என்னா, நீலமா இருந்தா என்னா?" என்பார். 1969-இல் அந்த நிறத்தின் பொருள் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று 1968-இல் வந்த சட்டம் செயலுக்கு வந்தது. பெர்மிட் கிடைக்காத தோட்டத் தொழிலாளர் ஆயிரமாயிரமாகக் கப்பலேறினார்கள். இந்தப் பினாங்குத் துறைமுகத்திலும் அழுகுரல் கேட்டது. அவர்களில் பலர் இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சுதந்திரம் வந்து 12 ஆண்டு ஆன பிறகு, ஒரு தாள் இல்லாததால் நாடு இழந்தவர்கள் அவர்கள்.

இலங்கை சொல்லும் பாடம்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலங்கை 1931-லேயே வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கண்ட நாடு. மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர் 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். 1948 பிப்ரவரி 4-இல் விடுதலை. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 2003-இல்தான் சட்டம் வழிவிட்டது. விடுதலைக்கும் அதற்கும் நடுவில் 55 ஆண்டு! ஒரு நாடு தன் கொடியை ஏற்றிக்கொண்ட அதே ஆண்டில், அதற்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவர்களை வெளியே நிறுத்தவும் முடியும். நாட்டின் விடுதலை வேறு, அதில் ஒவ்வொரு வீட்டின் பங்கு வேறு. முன்னது கொடியேற்றத்தில் தெரியும். பின்னது பெட்டிக்குள் இருக்கும் பத்திரத்தில் தெரியும்.

இன்று நம் கையில் இருப்பது

பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். பந்தயத்தில் முதலாவதாக ஓடுகிற பையன், பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிப் பதிவுக்கே அலைந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தாத்தா மனுப் போடவில்லை, அப்பா பதிவு செய்யவில்லை, கணக்கைத் தீர்க்கப் பேரன் நிற்கிறான்.

ஆகவே பெற்றோர்களே, சில காரியங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெயர் பொருத்தம் பார்க்கச் சோதிடரிடம் போவதற்கு முன்னால் பதிவு இலாகாவுக்குப் போங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தாதீர்கள். 1982 மார்ச் முதல் நாளிலிருந்து திருமணத்தைச் சட்டப்படி பதிவதும் கட்டாயம். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் நிலைதான் நிலை. தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளையும் நடுத்தெருவில் நிற்கும். 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கத் தவறாதீர்கள். பத்திரங்களை ஒரே உறையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். எழுத்து வேலைக்குப் பயமாக இருந்தால் பிள்ளையின் ஆசிரியரிடம் வாருங்கள். மனு எழுதிக் கொடுப்பதும் எங்கள் வேலைதான்.

வாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதான குடிமக்கள் எல்லாரும் தானாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். நம் பாட்டன்மார் வரிசையில் நின்றும் கிடைக்காதது இன்று வீட்டுக்கே வந்திருக்கிறது. போய் வாக்களிப்பது மட்டும்தான் பாக்கி.

இறக்கிவிட்ட படி மறுபடியும் வரும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? 1965-இல், இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், நகராண்மைத் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். தேர்தல் தொடர வேண்டும் என்று ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு பரிந்துரைத்தது. ஆனாலும் 1976-இன் ஊராட்சிச் சட்டத்தோடு நியமனமே நிலைத்தது. பினாங்கு மாநிலம் 2012-இல் ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை. மலாயாவுக்கே முதல் வாக்குப்பெட்டியை வைத்த ஊர், தன் நகராண்மையை இன்னும் தானே தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கிறது. இது சரியா தவறா என்று வளர்ந்த பிறகு நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள், மாணவர்களே. படிப்பு எதற்கு என்றால் இப்படி யோசிக்கத்தான்.

அதுவரை பயிற்சிக்கு இடம் இல்லாமலா போயிற்று? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் இருக்கிறது. அதற்கு நூறு பேர் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் வந்தால், அந்தப் பன்னிரண்டு பேர்தான் நூறு பேருக்கும் அரசாங்கம்! கோயில் கமிட்டி இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1960-இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டு போடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலம் அது. பால் வெட்டியவர்களே பங்குதாரர் ஆனார்கள். கணக்கைக் கேட்கும் உரிமை வந்தது. கணக்கைக் கேட்கத் தெரிந்தவனை எந்தத் தொரையும் ஏமாற்ற முடியாது.

மாணவச் செல்வங்களே! வகுப்புத் தலைவனாகப் புத்தகங்களை எண்ணி வைப்பவனும், விளையாட்டுக் குழுவுக்குச் சண்டையில்லாமல் ஆள் பிரிப்பவளும், நூல்நிலையக் கணக்கைச் சரியாக எழுதுபவளும் இந்த நாட்டை ஆளப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். இன்று பரிசு வாங்குகிறவர்களை வாழ்த்துகிறேன். வாங்காதவர்களையும் வாழ்த்துகிறேன். 1941 டிசம்பரில் அரிசி அளந்தவர்களுக்கு யாரும் மேடை போட்டுப் பரிசு கொடுக்கவில்லை. ஊர் பிழைத்ததே அவர்களுக்குப் பரிசு.



வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி! வாழ்க மலேசியத் திருநாடு! வணக்கம்.